நெருப்பெரிச்சலும் நெஞ்செரிச்சலும்

எங்க ஊர் பேரைக் கேட்டு சிரிக்காத ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. காலேஜ் ஹாஸ்டல்ல முதல் நாள் நடந்தது இது.

"எந்த ஊரு மச்சி?"

"திருப்பூர் பக்கம். நெருப்பெரிச்சல்."

"நெருப்பும் இருக்கு, எரிச்சலும் இருக்கு. அணைக்கத் தண்ணி இருக்காடா?"

அவ்வளவுதான். இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷமும் என் பேர் 'எரிச்சல்'. இன்னைக்கும் வாட்ஸ்அப் குரூப்ல அப்படித்தான் கூப்பிடுறானுங்க. சரி, பேர் வெச்ச ராசியோ என்னவோ, போன வருஷம் எனக்கு வந்ததும் ஒரு எரிச்சல்தான். நெஞ்செரிச்சல்னு நெனச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது வேற என்னமோவா இருந்தது. அந்தக் கதைதான் இது.

டிஸ்கி: இதுல ஏசு வருவார், பைபிள் வரும். ஆனா ஆள் சேர்க்கிற பதிவு இல்லை, நம்பி வாங்க :-) பிடிக்காதவங்க ஏசு வர்ற பத்தியைத் தாண்டிப் போனாலும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனா அடுத்த பத்தியில ஒரு மாட்டு வண்டிக் காலத்து தாத்தா வருவார், அவரை மட்டும் விட்றாதீங்க.

முதல்ல ஊரைப் பத்தி. நெருப்பெரிச்சல் 2011 வரைக்கும் தனி ஊராட்சி. அந்த வருஷம்தான் திருப்பூர் மாநகராட்சியோட சேர்த்தாங்க. வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊர் பத்திரம் பதியற ஆபீஸ் இருக்கிற இடம். எங்களுக்கு அது ஒரு சத்தம். எந்தத் தெருவுல நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டுல இருந்தோ தகரக் கூரை போட்ட ஷெட்டுல இருந்தோ தையல் மெஷின் ஓடுற சத்தம் வந்துட்டே இருக்கும். அந்த சத்தத்துலதான் நான் படிச்சேன், தூங்கினேன். சத்தம் நின்னா முழிப்பு வந்துரும்.

எங்க அப்பா தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்தவர். பனியன் கம்பெனியில டெய்லரா சேர்ந்து, பதினைஞ்சு வருஷம் அடுத்தவங்க மெஷினை ஓட்டி, அப்புறம் சொந்தமா நாலு மெஷின் போட்டார். அது பதினாலு வரைக்கும் வளர்ந்தது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரங்க வெட்டின துணியைக் கட்டுக் கட்டா கொடுப்பாங்க. தைச்சுத் திருப்பிக் கொடுக்கணும். பீசுக்கு இவ்வளவுன்னு கூலி. அதைத்தான் ஜாப் ஒர்க்னு சொல்றது. பில்லு பணம் ரெண்டு மாசமோ மூணு மாசமோ கழிச்சு வரும். ஆனா டெய்லருக்கு சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுத்தாகணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துலதான் எங்க குடும்பம் முப்பது வருஷமா குடியிருக்குது.

அதனால கவலைங்கிறது எங்க வீட்டுல தனியா வந்து சேர்ந்த விருந்தாளி இல்லை. ரேஷன் கார்டுல பேர் இல்லாத அஞ்சாவது ஆள். (நான், அப்பா, அம்மா, தங்கச்சி போக.)

எனக்கு ஞாபகம் இருக்கிற முதல் பெரிய கவலை 2011. எட்டாவது படிச்சேன். அந்த ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. எழுநூறுக்கும் மேல பட்டறைங்க. தப்பு சொல்ல முடியாது. சாயத் தண்ணி நொய்யல்ல கலந்து, ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் போய், கீழ இருக்கிற விவசாயிங்க நிலமே பாழாப் போயிருந்தது. அவங்க வருஷக்கணக்கா பட்ட கவலைக்குக் கிடைச்ச தீர்ப்பு அது. அந்தக் கவலை அப்படியே இடம் மாறி எங்க பக்கம் வந்துச்சு. சாயம் இல்லைன்னா துணி இல்லை, துணி இல்லைன்னா தையல் இல்லை. எங்க தெருவுல சத்தம் நின்னது. ஒரு ராத்திரி முழிப்பு வந்து எழுந்து பார்த்தேன். அப்பா ஷெட்டுல லைட்டைப் போடாம ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தார். ஓடாத மெஷின் மேல கையை வெச்சிருந்தார், காய்ச்சல் அடிக்கிற குழந்தை நெத்தியில வைக்கிற மாதிரி. நான் கூப்பிடலை. திரும்பி வந்து படுத்துட்டேன். தூங்கலை.

கவலைப்படறதை யாரும் யாருக்கும் சொல்லித் தர்றது இல்லை. இப்படி இருட்டுல பார்த்து நாமளே கத்துக்கறதுதான்.

சரி, கொசுவர்த்தியை நிறுத்திட்டு போன வருஷத்துக்கு வர்றேன்.

2025 ஆகஸ்ட். இந்தியப் பொருளுக்கு அமெரிக்கா 7-ஆம் தேதி 25 சதவீதம் வரி போட்டது. 27-ஆம் தேதி இன்னொரு 25. மொத்தம் ஐம்பது. திருப்பூர்ல இருந்து ஏற்றுமதி ஆகிற பின்னலாடையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போயிட்டிருந்தது. வாஷிங்டன்ல ஒருத்தர் கையெழுத்துப் போட்டா நெருப்பெரிச்சல்ல பதினாலு மெஷின் நிக்கும்னு நான் எந்த எகனாமிக்ஸ் புக்லயும் படிச்சதில்லை. கண்ணால பார்த்தேன். முதல்ல ராத்திரி ஷிப்ட் போச்சு. அப்புறம் வாரத்துல ஆறு நாள் நாலு நாள் ஆச்சு.

அதே மாசம் எனக்கும் ஒரு மெயில். நான் பொட்டி தட்டுறது பெங்களூர் கம்பெனிக்கு, வீட்டுல இருந்தே வேலை. மூணு வருஷமா இருந்த ப்ராஜெக்ட் முடிஞ்சது. பெஞ்ச்ல உட்கார வெச்சுட்டாங்க. அறுபது நாளுக்குள்ள வேற ப்ராஜெக்ட் தேடிக்கணும், இல்லைன்னா பேப்பர் போடச் சொல்லிருவாங்கன்னு ஆபீஸ் நண்பர்கள் சொன்னாங்க. பிடுங்க ஆணியே இல்லாம தினமும் காலையில ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வெச்சு உட்கார்ந்திருப்பேன். ஏன்னா வீட்டுல சொல்லலை. அப்பா இருக்கிற நெலமையில நான் வேற எப்படிச் சொல்றது?

அப்பாவும் என்கிட்ட சொல்லலை. "ஆர்டர் வந்துட்டுதான் இருக்குப்பா"ன்னுதான் சொல்லுவார். அம்மா கழுத்துச் செயின் எங்கேன்னு கேட்டா "கொக்கி அறுந்துட்டு, கடையில குடுத்திருக்கேன் எய்யா"ன்னு சொன்னாங்க. ஒரே வீட்டுல மூணு பேர், ஒருத்தர் மேல ஒருத்தர் பாசத்தால, மாத்தி மாத்திப் பொய் சொல்லிட்டு இருந்தோம்.

செப்டம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி. திடீர்னு நெஞ்சுல யாரோ கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி. மூச்சு பத்தலை. விரல் நுனியெல்லாம் மரத்துப் போகுது. உடம்பு வேர்த்துக் கொட்டுது. சாகப் போறோம்னு நிச்சயமாத் தெரிஞ்சது. அப்பா என்னை ஸ்கூட்டர்ல நடுவுல உட்கார வெச்சு, பின்னால அம்மா பிடிச்சுக்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வழி நெடுக அம்மா வாயில ஜெபம். நான் மனசுக்குள்ள டேர்ம் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டினோமான்னு கணக்குப் போட்டுட்டு இருந்தேன். சாகிறப்பவும் சாப்ட்வேர்காரன் புத்தி.

ஈசிஜி எடுத்தாங்க. ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணும் இல்லை. டூட்டி டாக்டர் சின்னப் பொண்ணு, என் வயசுதான் இருக்கும். "சார், உங்க இதயம் நல்லா இருக்கு. இது பேனிக் அட்டாக்"ன்னு சொன்னாங்க. "கேஸ் ட்ரபிள், நெஞ்செரிச்சல் இல்லையா மேடம்?" "இல்லை சார்." ஊர் பேருக்கு வந்திருக்க வேண்டிய வியாதி கூட எனக்கு சரியா வரலை.

அவங்க விளக்கினது எனக்கு ஒரு பக் ரிப்போர்ட் மாதிரி இருந்தது. ஆபத்து வந்தா ஓடறதுக்காக உடம்புக்குள்ள ஒரு அபாய மணி இருக்கு. அது ஆபத்தே இல்லாதப்போ தப்பா அடிச்சுருச்சு. அட்ரினலின் ஏறும், இதயம் வேகமாத் துடிக்கும், மூச்சு வேகமா வாங்கும். மூச்சு ரொம்ப வேகமா விடறதால ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், அதான் விரல் மரத்துப் போறதும் தலை சுத்தறதும். பொதுவா பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய், அப்புறம் தானா இறங்கிரும். இதுல சாக மாட்டோம். ஆனா அடிக்கடி வந்தா மனநல மருத்துவரைப் பார்க்கணும்னு எழுதிக் கொடுத்தாங்க. அந்தச் சீட்டை நான் மடிச்சு பர்ஸுக்குள்ள வெச்சேன். மூணு வாரம் வெளியே எடுக்கலை.

ஏன்னா அதுக்குள்ள விஷயம் சபையில பரவிருச்சு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தப்போ ஒருத்தர் என் தோள்ல கையைப் போட்டு, ரொம்ப அன்பாத்தான், சொன்னார்: "தம்பி, விசுவாசம் இருக்கிற இடத்துல பயம் இருக்காது. நல்லா ஜெபம் பண்ணுங்க." அவர் கெட்டவர் இல்லை. ஆனா அந்த வார்த்தை என்னைக் கொன்னுருச்சு. அதுவரைக்கும் எனக்கு வேலைக் கவலை, கடன் கவலை. இப்போ புதுசா ஒண்ணு சேர்ந்துருச்சு: கவலைப்படறேனேங்கிற கவலை.

வீட்டுக்கு வந்து மத்தேயு ஆறாம் அதிகாரத்தை எடுத்தேன். சின்ன வயசுல இருந்து சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின பகுதி. கலிலேயா மலை மேல உட்கார்ந்து ஏசு ஜனங்களுக்குச் சொல்றார். சாப்பாட்டுக்கும் துணிக்கும் கவலைப்படாதீங்க, பறவைகளைப் பாருங்க, காட்டுப் பூக்களைப் பாருங்க, அதுங்க வேலைக்கும் போகலை, நூலும் நூக்கலை, ஆனாலும் சாலொமோன் ராஜாவே அப்படி உடுத்தினது கிடையாதுன்னு. அன்னைக்கு அதைப் படிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. ஆண்டவரே, இதை நீங்க எந்த ஊர்ல வந்து வேணா சொல்லலாம். திருப்பூர்ல வந்து சொல்லலாமா? என்னத்தை உடுத்தலாம்னு உலகம் கவலைப்படறதாலதானே எங்க ஊர்ல அடுப்பு எரியுது? நூல் நூக்கலைன்னா எங்க ஊர்ல என்ன இருக்கு? பூவுக்கு சனிக்கிழமை சம்பளம் கொடுக்கணுமா? பூவுக்கு இஎம்ஐ இருக்கா?

கோபத்தோட புத்தகத்தை மூடினேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, ரொம்ப நாளைக்கப்புறம் நான் கடவுள்கிட்ட மனசுல இருந்ததை அப்படியே பேசினது அன்னைக்குத்தான்.

அந்த வாரம் போதகர் வீட்டுக்கு வந்தார். நான் எல்லாத்தையும் சொன்னேன், தோள்ல கை போட்டவர் சொன்னதையும். அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் ரெண்டு கதையை ஞாபகப்படுத்தினார். எலியா தீர்க்கதரிசி. ராணிக்குப் பயந்து வனாந்தரத்துல ஓடி, ஒரு செடி நிழல்ல படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கோன்னு சொல்றார். வானத்துல இருந்து அக்கினி இறங்கினதைக் கண்ணால பார்த்த ஆள் அவர். தேவதூதன் வந்து திட்டலை, பிரசங்கம் பண்ணலை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணியும் கொடுத்தான். சாப்பிட்டுட்டு மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. "முதல் வைத்தியம் சோறும் தூக்கமும்தான் தம்பி, அப்புறம்தான் பேச்சு"ன்னார்.

ரெண்டாவது கெத்செமனே தோட்டம். கவலைப்படாதீங்கன்னு மலை மேல சொன்ன அதே ஏசு, சிலுவைக்கு முந்தின ராத்திரி அங்க வியாகுலத்துல தரையில விழுந்து கிடக்கிறார். வேர்வை ரத்தத் துளி மாதிரி விழுந்ததுன்னு லூக்கா எழுதியிருக்கார். மூணு நண்பர்களைக் கூட்டிட்டுப் போய், என்கூட முழிச்சிருங்கன்னு கேட்கிறார். "அவருக்கு விசுவாசம் இல்லைன்னு யாராவது சொல்வாங்களா?"ன்னு கேட்டார் போதகர். "வேர்க்கிறது பாவம் இல்லை. தனியா வேர்க்க வேண்டியது இல்லைங்கிறதுதான் விஷயம். அந்த டாக்டர் சீட்டு எங்க?"

பர்ஸை எடுத்தேன்.

இப்போ தாத்தா. எங்க ஷெட் இருக்கிற இடம் ஒரு காலத்துல தோட்டம். அதுக்குச் சொந்தக்காரர் இப்பவும் பின்னாடி வீட்டுலதான் இருக்கார். எண்பது தாண்டியாச்சு. நாங்க எல்லாரும் தோட்டத்து அப்பாருன்னு கூப்பிடுவோம். சாமி கும்பிடறது அவருக்கு ஊர் மாரியம்மன். ஏசு பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துட்டு, "என்ன கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்குது?"ன்னார்.

"கவலைங்க அப்பாரு."

அவர் சிரிச்சார். "கவலையா? நாங்க ஓட்டாத கவலையா?"

எனக்குப் புரியலை. அப்புறம்தான் சொன்னார். கரண்ட் மோட்டார் வர்றதுக்கு முன்னாடி கிணத்துல இருந்து மாடு கட்டித் தண்ணி இறைக்கிறதுக்கு இந்தப் பக்கம் பேரே கவலை. (அம்மா கேட்டுட்டு, "எங்க ஊர்ல கமலைன்னு சொல்லுவோம்"னாங்க.) கிணத்து மேட்டுல இருந்து சரிவா ஒரு வாரி. மாடு சரிவுல இறங்கிப் போனா சால் தண்ணியோட மேல வரும். மாடு பின்னாலயே நடந்து மேட்டுக்கு வந்தா சால் கீழ போகும். முன்னால, பின்னால, முன்னால, பின்னால. நாள் பூரா அதே பத்து பன்னெண்டு கஜ தூரம். மாடு எங்கேயும் போயிருக்காது, ஆனா ஊர் சுத்தின அலுப்பு இருக்கும்.

நான் சொன்னேன், "அப்பாரு, அதேதான் என் மண்டைக்குள்ள ஓடுது. ராத்திரி பூரா முன்னால பின்னால."

"ராத்திரி என்னத்துக்கு ஓட்டறே?"ன்னு கேட்டார். கிண்டலாக் கேட்கலை, நெசமாவே புரியாமத்தான் கேட்டார். "பொழுது எறங்கினா மாட்டை அவுத்து வுட்ருவோம் கண்ணு. வயல்ல இன்னும் பாதி காயுதுன்னு தெரியும். கெணத்துல தண்ணி மிச்சம் இருக்குதுன்னும் தெரியும். அதுக்காக ராத்திரியும் ஓட்டினா மாடு செத்துப் போகும். அப்புறம் நாளைக்கு எதை வெச்சு எறைக்கறது?"

நான் அப்படியே நின்னேன். ஏசு அந்த அதிகாரத்தைக் கடைசியா முடிக்கிறது இதுலதான். நாளைப் பாடு நாளைக்கு, இன்னைக்கு இன்னைக்குள்ள பாடு போதும்னு. இன்னைக்குப் பாடே இருக்காதுன்னு அவர் சொல்லவே இல்லை. பாடு இருக்குன்னு ஒத்துக்கறார். அளவைத்தான் சொல்றார்: ஒரு நாள் அளவு. பறவையும் சும்மா கிளையில உட்கார்ந்திருக்கிறது இல்லையே, காலையில இரை தேடப் போகுது. பொழுது சாஞ்சா கூட்டுக்கு வந்துருது. நான்தான் நாளைக்கு நூக்க வேண்டிய நூலை ராத்திரி ரெண்டு மணிக்கே நூத்துட்டு இருந்திருக்கேன், கையில பஞ்சே இல்லாம.

சரி, மாட்டை அவுத்து விடறது எப்படி? அங்கதான் குடும்ப ஜெபம் வருது.

தெக்கத்திக் கிறிஸ்தவ வீடுகள்ல பொதுவா ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி குடும்ப ஜெபம் இருக்கும். பாய் விரிச்சு உட்கார்ந்து ஒரு பாட்டு, ஒரு வேதப் பகுதி, அப்புறம் சின்னவங்கள்ல இருந்து பெரியவங்க வரைக்கும் ஒவ்வொருத்தரா ஜெபம். எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா அது ஒரு சடங்கு. "எல்லாத்துக்கும் நன்றி ஆண்டவரே, எல்லாரையும் ஆசீர்வதியும், ஆமென்." பத்து செகண்ட். தோசை ஆறிடக்கூடாதுல்ல.

அன்னைக்கு ராத்திரி தங்கச்சி முடிச்சதும் என் முறை. வழக்கமான வரியைத்தான் ஆரம்பிச்சேன். என்னமோ தெரியலை, நடுவுல நின்னுருச்சு. அப்புறம் வாயில வந்தது இது: "ஆண்டவரே, என் ப்ராஜெக்ட் போயிருச்சு. ஆகஸ்ட்ல இருந்து சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். வீட்டுல சொல்லலை. பயமா இருக்கு."

யாரும் கண்ணைத் திறக்கலை. ஃபேன் சத்தம் மட்டும். நான் ஆமென் கூடச் சொல்லலைன்னு நினைக்கிறேன்.

அடுத்தது அப்பா. அவர் தொண்டையைக் கனைச்சார். முப்பது வருஷம் மெஷின் சத்தத்துல பேசிப் பழகினவர், மெதுவாப் பேசவே தெரியாது. அன்னைக்கு மெதுவாப் பேசினார். "கர்த்தாவே, ரெண்டு கம்பெனி பில் நிக்குது. வெளிய நாலு லட்சம் வாங்கியிருக்கேன். பையனுக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சுட்டேன். வர்ற சனிக்கிழமை சம்பளத்துக்கு என்ன செய்யன்னு தெரியலை."

அம்மா கடைசி. "செயினை அடகு வெச்சதை அவுககிட்ட சொல்லச் சொல்லி தெனமும் உம்மகிட்டதானே கேட்டுக்கிட்டிருந்தேன்"ன்னு ஆரம்பிச்சவங்க, அதுக்கு மேல அழுகைதான்.

நேருக்கு நேர் பார்த்து எங்களால சொல்லிக்க முடியாததை, கண்ணை மூடிக்கிட்டு இன்னொருத்தர்கிட்ட சொல்ற சாக்குல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம். ஜெபம்னா மேல போற மெயில்னு நினைச்சிருந்தேன். சிசி-யில பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களும் இருக்காங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது :-)

அற்புதம் நடந்துச்சான்னு கேட்டா, அடுத்த நாள் காலையிலயும் கடன் நாலு லட்சமாத்தான் இருந்தது. ஆனா நாங்க நாலு பேரும் சேர்ந்து பாய் மேலயே ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். மூணு பேரும் தனித்தனியா இருட்டுல போட்டு வெச்சிருந்த கணக்கை விட அது சின்னதா இருந்தது. அந்த சனிக்கிழமை அப்பா டெய்லர்களைக் கூப்பிட்டு, பாதி சம்பளம் இப்போ, மீதி புதன்கிழமைன்னு உள்ளதைச் சொன்னார். ஒடிசாவுல இருந்து வந்த தம்பிங்க ரெண்டு பேர் பேசாமத் தலையாட்டினாங்க. ஒரு அக்கா சத்தம் போட்டாங்க, அவங்க கேட்டதும் நியாயம்தான், அவங்க வீட்டுலயும் புதன்கிழமை வரைக்கும் அடுப்பு எரியணுமே. அவங்களுக்கு மட்டும் முழுசாக் கொடுத்தோம். புதன்கிழமை என் சேமிப்புல இருந்து எடுத்து மீதியை முடிச்சோம். ரெண்டு மெஷினை வித்தோம். பிறகு உள்நாட்டுக்குப் போற சின்னப் பசங்க டிரஸ் ஆர்டர் கிடைச்சது. கூலி கம்மி, ஆனா பணம் சீக்கிரம் வருது.

நானும் கோயமுத்தூர்ல டாக்டரைப் பார்த்தேன். கொஞ்ச நாள் மாத்திரை, ஆறு தடவை கவுன்சிலிங். அங்க சொல்லிக் கொடுத்த ஒரு பயிற்சி எனக்கு ஆச்சரியமா இருந்தது. தினமும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல, அரை மணி நேரம் கவலைக்குன்னே ஒதுக்கி வெச்சுரணும். பகல்ல கவலை வந்தா குறிச்சு வெச்சுட்டு, உனக்கு நேரம் எட்டரை மணிக்குன்னு சொல்லிரணும். 1983-ல தாமஸ் போர்கோவெக்னு ஒரு அமெரிக்க உளவியலாளரும் அவர் கூட இருந்தவங்களும் சோதிச்சுப் பார்த்து எழுதின முறையாம். நான் சிரிச்சுட்டேன். எட்டரை மணி எங்க வீட்டுல குடும்ப ஜெப நேரம். பாய் கூட ஒரே இடம்தான்.

இப்போ ஒரு நாற்பது பக்க நோட்டு வெச்சிருக்கேன். பகல்ல வர்ற கவலையை அதுல ஒரு வரி. ராத்திரி பாயில உட்கார்ந்து ரெண்டாப் பிரிப்பேன். நாளைக்கு நான் கையால செய்யக் கூடியது ஒரு பக்கம்: யாருக்குப் போன் பண்ணணும், எந்த இன்டர்வியூவுக்குப் படிக்கணும். என் கைக்கு எட்டாதது இன்னொரு பக்கம்: வாஷிங்டன், நூல் விலை, ஏஐ வந்து என் வேலையைத் தின்னுருமாங்கிறது. ரெண்டாவது பக்கத்தை ஒவ்வொண்ணாப் பேர் சொல்லி ஜெபத்துல கொடுத்துருவேன். பவுல் பிலிப்பியருக்கு எழுதின கடிதத்துல சொல்றதும் இதைத்தான். கவலைப்படறதை விட்டுட்டு, உங்க தேவை என்னன்னு நன்றியோட கடவுள்கிட்டத் தெரியப்படுத்துங்க, அப்போ புத்திக்கு எட்டாத ஒரு சமாதானம் உங்க மனசைக் காவல் காக்கும்னு. அதை அவர் பங்களாவுல உட்கார்ந்து எழுதலை, ஜெயில்ல விலங்கோட இருந்து எழுதினார். காவல்னா என்னன்னு தெரிஞ்ச ஆள், வாசல்லயே நிக்குதில்ல. பிரச்சனை உள்ள வராதுன்னு அவர் சொல்லலை. மனசுக்குக் காவல் இருக்கும்னுதான் சொல்றார்.

எல்லாம் சரியாயிருச்சான்னா, இல்லை. ஐம்பத்து மூணாவது நாள் எனக்கு வேற ப்ராஜெக்ட் கிடைச்சது, அது எத்தனை நாளைக்கோ தெரியாது. போன மாசம் கூட ஒரு ராத்திரி விரல் மரத்துப் போச்சு. எழுந்து உட்கார்ந்தேன். மூச்சை மெதுவா விட்டேன். இதுல சாக மாட்டேன்னு அந்த டாக்டர் பொண்ணு சொன்னதைச் சொல்லிக்கிட்டேன். அப்புறம் எலியா ஞாபகம் வந்து, அடுக்களைக்குப் போய் மிச்சம் இருந்த ஒரு தோசையைத் தின்னுட்டுத் தண்ணி குடிச்சேன். ஷெட் பக்கம் எட்டிப் பார்த்தேன். லைட் இல்லை. ஸ்டூல் காலியா இருந்தது. அப்பா உள்ள குறட்டை விட்டுட்டு இருந்தார். 2011-ல எட்டாங்கிளாஸ் பையன் பார்க்க ஆசைப்பட்டது அந்தக் காலி ஸ்டூலைத்தான்னு நினைக்கிறேன்.

திரும்பி வந்து படுத்தேன். மாட்டை அவுத்தாச்சு. மீதி வயல் காலையில.

உங்களுக்கும் இப்படி நெஞ்சுல கல் ஏறுற ராத்திரிங்க இருந்தா, முதல்ல டாக்டரைப் பாருங்க. யார்கிட்டயாவது பேசுங்க. யாரும் இல்லைன்னா மத்திய அரசோட டெலி மானஸ், நம்பர் 14416, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. கடவுள் நம்பிக்கை இருக்கிறவங்க அவர்கிட்டயும் பேசுங்க, ஆனா கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் கேட்கட்டும்.

நீங்க ராத்திரி மாட்டை எப்படி அவுக்கறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே. நோட்டுல இன்னும் பக்கம் மிச்சம் இருக்கு :-)